மறதிநோய் உள்ள என் அப்பா சோற்றை விழுங்காமல் கன்னத்திலேயே அடக்கிக்கொள்கிறார். என்ன செய்வது?

உங்கள் அப்பா வேண்டுமென்று செய்யவில்லை. இதை முதலில் வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள், முக்கியமாகப் போனில் யோசனை சொல்பவர்களுக்கு. வாயில் இருப்பதை மென்று விழுங்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோகிறது. பல்வலி, வாய்ப்புண் இருக்கிறதா என்றும் பாருங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது.

என் அம்மாவுக்கும் இதே நோய். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் கண்டியிலிருந்து கோத்தகிரிக்கு வந்து, ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். சோறு இல்லாவிட்டாலும் பிளேன்டீ, அதாவது பால் சேர்க்காத தேநீர், வேண்டும். அதைக் குடித்தால்தான் இருமல் வந்தது. தண்ணீராக இருப்பவை சட்டென்று மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரை கொண்டுபோகும் என்று கோயம்புத்தூரில் விழுங்கும் பயிற்சி தருபவர் சொன்னார். அவர் கொடுத்த மாவைக் கலந்து தேநீரைக் கூழ்ப் பதத்துக்குக் கொண்டுவந்தோம். முதல் வாய்க்கு அம்மா என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! இஞ்சியும் சர்க்கரையும் தூக்கலாகப் போட்ட பிறகே சமாதானமானார். (உங்கள் அப்பாவுக்கு இப்படிக் கூழாக்கிக் கொடுப்பது தேவையா என்பதைப் பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும். மருத்துவம் படித்தவர்கள் என்மேல் பாய வேண்டாம்.)

சாப்பாட்டு நேரத்தில் டிவி கிடையாது. அம்மாவை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, எதிரே அமர்ந்து நானும் சாப்பிடுவேன். நான் மெல்வதைப் பார்த்து அவரும் மெல்வார். அரைக் கரண்டிதான் கொடுப்பேன். விழுங்காமல் நின்றுவிட்டால் வெறும் கரண்டியை உதட்டில் வைப்பேன்; பெரும்பாலும் இறங்கிவிடும். எங்கள் ஊர்க் குளிரில் கஞ்சி பாதியிலேயே ஆறிவிடும், ஆறியதை அவர் அடக்கிக்கொள்வார். அதனால் கிண்ணம் வெந்நீரில் இருக்கும். முடிந்ததும் கன்னத்தில் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பேன். அரைமணி நேரம் படுக்கவிடுவதில்லை.

"பட்டினி போடுகிறாய், மூக்கில் குழாய் போடு" என்கிறார் திருப்பூரில் இருக்கும் என் அக்கா. மறதிநோய் முற்றியவர்களுக்குக் குழாய் வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுங்கள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமே 2014இல் சொல்லியிருக்கிறது. அக்காவுக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். தோட்டத்தில் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லைன் வீட்டைக் காலி செய்தால்தான் பணிக்கொடை என்று அம்மா உழைத்த தோட்டத்தில் பணத்தை நிறுத்திவைத்தார்கள். இத்தனை வருட உழைப்புக்கு அதுதான் மரியாதை! வாடகை வீட்டுக்கு வந்தோம். அடுப்படி எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவர் திண்டாட ஆரம்பித்த பிறகுதான் சாப்பாடும் குறைந்தது. நோய்தான் காரணம் என்பவர்கள் தாராளமாக வாதாடலாம். உங்கள் அப்பாவை வேறு வீட்டுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள்.