3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய குவாலிஸுக்கு எந்தப் பவர் ஸ்டீயரிங் ஆயில் ஊற்றுவது?

உங்கள் 2003ஆம் ஆண்டு டொயோட்டா குவாலிஸ் 3 லட்சம் கிலோமீட்டரைக் கடந்துவிட்டது, பவர் ஸ்டீயரிங் எண்ணெய் கறுத்துவிட்டது, கடையில் ‘எல்லா வண்டிகளுக்கும்’ என்று அச்சிட்ட ஒரு புட்டியையும் ‘அதிகம் ஓடிய வண்டிகளுக்கு’ என்று அச்சிட்ட இன்னொன்றையும் காட்டுகிறார்கள், எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் வாங்க வேண்டாம் என்பதே என் பதில். டெக்ஸ்ரான் 3 தரத்தைச் சேர்ந்த ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் (தானாக மாறும் கியர்பெட்டி) எண்ணெயை, பெயர் பெற்ற நிறுவனம் ஒன்றின் தயாரிப்பாகப் பார்த்து, 2 லிட்டர் வாங்குங்கள். எங்கள் வீட்டிலும் அதே காலத்துக் குவாலிஸ் இன்றும் ஓடுகிறது. அதற்கும் அதைத்தான் ஊற்றி வருகிறோம்.

எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது வண்டியின் வயதையோ ஓடிய தூரத்தையோ அல்ல. ஸ்டீயரிங்குக்கு எண்ணெயை அழுத்தித் தள்ளும் பம்பும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் அதன் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்களும் எந்த எண்ணெய்க்காக வடிவமைக்கப்பட்டன என்பதைத்தான். அக்காலத்து டொயோட்டா வண்டிகளின் கையேடுகள் டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை எண்ணெயைத்தான் குறிப்பிடுகின்றன. பல வண்டிகளில் எண்ணெய்க் கலனின் மூடியிலேயே அது பொறிக்கப்பட்டிருக்கும். கியர்பெட்டிக்கான எண்ணெயை ஸ்டீயரிங்கில் ஊற்றலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். நம் வண்டியில் இருப்பது கையால் மாற்றும் கியர்தான் என்றாலும், இந்த எண்ணெய் ஸ்டீயரிங் பம்புக்கும் உரியது என்று வண்டியைச் செய்தவர்களே தீர்மானித்திருக்கிறார்கள் என்பதால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை.

டெக்ஸ்ரான் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வகுத்த தரத்தின் பெயர். அந்நிறுவனம் 2006ஆம் ஆண்டின் இறுதியோடு டெக்ஸ்ரான் 3க்கு உரிமம் வழங்குவதை நிறுத்திவிட்டு, டெக்ஸ்ரான் 6க்கு மாறிவிட்டது. ஆகவே இன்று கடையில் ‘டெக்ஸ்ரான் 3க்கு இணையானது’ என்று எழுதி விற்கும் எந்தப் புட்டிக்கும் பின்னால் அந்த மூல நிறுவனத்தின் கண்காணிப்பு இல்லை; தயாரித்தவரின் சொல்லே அதற்கு உத்தரவாதம். விலை குறைவு என்பதற்காக முன்பின் தெரியாத பெயரை வாங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் புதிய தரமான 6ஐயே வாங்கிவிடலாமே என்று தோன்றலாம். ஊற்றினால் உடனே கெடுதல் ஒன்றும் வந்துவிடாது. ஆனால் அது சற்று நீர்த்த எண்ணெய். 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பழைய டெக்ஸ்ரான் 3 வகை எண்ணெய்களின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, அதை அளக்கும் சென்டிஸ்டோக் அலகில் பெரும்பாலும் 7 முதல் 7.5 வரை இருக்கும். 6 வகைக்கு உச்ச வரம்பே 6.4 தான். பம்புக்குள் சுழலும் தகடுகளுக்கும் அவற்றைச் சூழ்ந்த வளையத்துக்கும் இடையே 3 லட்சம் கிலோமீட்டர் ஓட்டத்தில் தேய்மானம் ஏற்பட்டிருக்கும். அந்த இடைவெளியின் வழியே எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கசிந்து அழுத்தம் குறைவதால்தான், சித்திரை வெயிலில் நெரிசலில் நின்று நின்று வந்து வண்டியை நிறுத்தத் திருப்பும்போது ஸ்டீயரிங் கனக்கிறது. தேய்ந்த பம்புக்கு மேலும் நீர்த்த எண்ணெயைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்காக எஞ்சின் எண்ணெயைக் கலந்து கெட்டியாக்குவதும் கூடாது. அதிலுள்ள அழுக்கு நீக்கும் சேர்மானங்கள் முற்றிலும் வேறு வேலைக்கானவை.

‘அதிகம் ஓடிய வண்டிகளுக்கு’ என்ற புட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் கூடுதலாக இருப்பது, இறுகிப்போன ரப்பர் சீல்களைச் சிறிது உப்ப வைத்து மென்மையாக்கும் சேர்மானம். சீல் காய்ந்து இறுகியதால் மட்டும் இலேசாகக் கசிகிறது என்றால் சில மாதங்களுக்கு அது உதவக்கூடும். சீலின் விளிம்பு தேய்ந்திருந்தாலோ, அது தொட்டுச் சுழலும் தண்டில் பள்ளம் விழுந்திருந்தாலோ எந்த எண்ணெயாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கசிவே இல்லாத வண்டியில் இதை ஊற்றினால், நன்றாக இருக்கும் சீலையும் தேவையின்றி மென்மையாக்குகிறோம். உங்கள் கேள்வியில் கசிவு பற்றிய பேச்சே இல்லாததால், உங்களுக்கு அது வேண்டாம்.

‘எல்லா வண்டிகளுக்கும்’ என்ற புட்டியை நான் ஏற்காததற்குக் காரணம், எல்லா வண்டிகளும் ஒரே எண்ணெயைக் கேட்பதில்லை என்பதே. பழைய ஹோண்டா சிட்டி அந்த நிறுவனத்தின் சொந்த ஸ்டீயரிங் எண்ணெயைக் கேட்கிறது. பழைய ஹூண்டாய் ஆக்சென்ட்டுக்குப் பி.எஸ்.எஃப். 3 என்ற வகை; முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவுக்குப் பச்சை நிறச் செயற்கை எண்ணெய். நிறத்தை வைத்து முடிவு செய்வதும் ஆபத்து. சிவப்பாக இருப்பதெல்லாம் டெக்ஸ்ரான் 3 அல்ல. நிறம் வெறும் சாயம், எவரும் எதிலும் கலக்கலாம். புட்டியின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் தரப் பட்டியலில் உங்களுக்குரிய பெயர் தெளிவாக இருந்தால் மட்டுமே வாங்குங்கள்.

எக்காரணம் கொண்டும் பிரேக் எண்ணெயை அந்தக் கலனில் ஊற்றிவிடாதீர்கள். டாட் 3 போன்ற பிரேக் எண்ணெய் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருளைச் சார்ந்தது; ஸ்டீயரிங்கில் இருப்பவை பெட்ரோலிய எண்ணெய்க்கு ஏற்ற ரப்பர் சீல்கள். அவை உப்பிக் கூழாகிவிடும். இதற்கு நேர்மாறாக, சிவப்பு எண்ணெய் பிரேக் கலனில் விழுந்தால் பிரேக்கின் ரப்பர்கள் கெட்டுப் பிரேக்கே பிடிக்காமல் போகலாம். அது உயிருக்கே ஆபத்து. வேலையை வேறு யாரிடமாவது ஒப்படைத்தால், அருகில் நின்று எந்த மூடியைத் திறக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறான எண்ணெய் கலனில் விழுந்துவிட்டால் எஞ்சினைத் தொடக்காமல் முதலில் முழுவதையும் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

ஓடிய தூரத்தைக் கருத்தில் கொள்ள வேண்டியது மாற்றும் முறையில்தான். பெரும்பாலான வண்டிகளின் ஸ்டீயரிங்கில் மொத்தமே ஏறக்குறைய 1 லிட்டர்தான் இருக்கும். அழுத்தம் கொடுத்துக் கழுவும் இயந்திரத்தில் வைப்பதைவிட, கலனில் உள்ளதைப் பெரிய ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றி, சில நாட்கள் ஓட்டி, மீண்டும் அதையே செய்யும் நிதானமான வழியையே நான் பரிந்துரைப்பேன். பல ஆண்டுகளாகப் படிந்த கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து நுண்ணிய வால்வுகளில் போய் அடைப்பதை இது தவிர்க்கும். கலனில் மொத்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு இருப்பதாகக் கொண்டால், மூன்று முறை மாற்றிய பின் பழையது சுமார் 30 விழுக்காடும், ஐந்து முறைக்குப் பின் 13 விழுக்காடும் எஞ்சும். 2 லிட்டர் வாங்கச் சொன்னது இந்தக் கணக்கினால்தான்.

முதல் முறை உறிஞ்சியதை வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பழுப்பாகப் பரவினால் வெறும் முதுமை. வெயிலில் சாய்த்துப் பார்க்கும்போது மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தால் பம்பு தன்னையே அரைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள், அதற்கு எண்ணெய் மாற்றம் மருந்தாகாது. கலனின் அடியில் வலை வடிகட்டி இருந்தால் அதையும் பாருங்கள். அது அடைபட்டாலே பம்பு ஊளையிடும்; அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பம்பையே மாற்றிவிட்டவர்கள் உண்டு. எங்கள் வண்டியிலும் ஒருமுறை அப்படிச் சத்தம் வந்து, எண்ணெயில் நுரை தெரிந்தது. கலனிலிருந்து பம்புக்குச் செல்லும் ஹோஸ் இறுகி, அதன் கிளிப் தளர்ந்திருந்தது. அது உறிஞ்சும் பக்கம் என்பதால் எண்ணெய் வெளியே சொட்டவில்லை, காற்று மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஹோஸையும் கிளிப்பையும் மாற்றியதும் சத்தம் நின்றது. உங்கள் வண்டியில் இந்த ஹோஸ் இதுவரை மாற்றப்படவில்லை என்றால், எண்ணெயோடு சேர்த்து அதையும் மாற்றிவிடுவது நல்லது.

ஊற்றிய பின் முன்சக்கரங்களை ஜாக்கியில் உயர்த்தி, தாங்கி வைத்து, எஞ்சினை அணைத்த நிலையில் ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசி வரை மெதுவாகப் பலமுறை திருப்புங்கள். காற்றுக் குமிழ்கள் கலனில் வந்து நின்ற பிறகே எஞ்சினைத் தொடக்குங்கள். ஓடும்போது கடைசி வரை திருப்பி அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தால் பம்பு உச்ச அழுத்தத்தில் கொதிக்கும், ஆகவே சில நொடிகளுக்கு மேல் அப்படிப் பிடிக்க வேண்டாம். எண்ணெய் மட்டத்தைக் கலனில் உள்ள குளிர்நிலைக் கோட்டுக்கும் சூடான நிலைக் கோட்டுக்கும் ஏற்ப ஒருமுறை அன்றும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறையும் பாருங்கள். அந்த ஒரு வாரத்தில் மட்டம் இறங்கியிருந்தால் மேலும் ஊற்றிக்கொண்டே போகாமல், ஸ்டீயரிங் இணைப்பின் இருபக்கத்து ரப்பர் உறைகளையும் பம்பின் அடிப்பகுதியையும் துடைத்துவிட்டுக் கசிவு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த இடத்தைக் குறிப்பிட்டு எழுதினால் எந்த சீலை மாற்ற வேண்டும் என்று சொல்கிறேன்.