ஐஸ்லாந்துல ஆறு நாள் போதுமா? – கடிதம்

அண்ணா, வணக்கம். நீங்க ஐஸ்லாந்து போனதைப் பத்தி எழுதினதைப் படிச்சதுலேர்ந்து எங்க வீட்ல அதே பேச்சுதான். வர்ற மார்ச் கடைசில நான், வைஃப், அம்மா மூணு பேரும் போறோம், கையில ஆறு நாள். நாட்டையே சுத்தி வர்ற ரிங் ரோடு மொத்தமே 1,320 கிலோமீட்டர் சொச்சம்தானாமே, கோவைலேர்ந்து சென்னை போய்ட்டு வந்தாலே ஆயிரம், அதை ஒரு வீக்கெண்ட்ல ஓட்டியிருக்கேன். முழு ரவுண்டு அடிச்சுடலாம்ல? அம்மாவுக்கு 68 வயசு, சுத்த சைவம், அதுதான் யோசனை.

பதில்:

தம்பி, மாசத்தை சரியாத்தான் புடிச்சிருக்கீங்க. மார்ச் கடைசில பகலும் ராத்திரியும் ஏறக்குறைய பாதிப் பாதி, ஊரும் பாக்கலாம், மேகம் இல்லைன்னா ராத்திரி வானத்துல பச்சையா ஆடற அரோரா வெளிச்சமும் பாக்கலாம். ஜூன்ல போனா இருட்டவே இருட்டாது, டிசம்பர்ல தலைநகர் ரெய்க்யாவிக்ல வெளிச்சமே நாலு மணி நேரம் சொச்சம்தான்.

ஆனா ரவுண்டு வேணாம். அங்க கிலோமீட்டர் கணக்கு வேலைக்கு ஆகாது, காத்துக் கணக்குதான். நான் தெற்குக் கரையில விக்ங்கற ஊருக்கு முன்னாடி ஒரு பங்க்ல வண்டிய நிறுத்திட்டு சும்மா கதவைத் தொறந்தேன், யாரோ வெளிலேர்ந்து புடுங்கின மாதிரி கையை விட்டுப் போயி கீல் வளைஞ்சு முன்பக்கமா மடங்கிடுச்சு. அப்புறம் மூடவே இல்ல, வைஃப் துப்பட்டாவால உள்பக்கம் கட்டி, நாப்பதுலயே உருட்டிக்கிட்டு ரெய்க்யாவிக் வந்து சேர்ந்தோம். ஃபுல் இன்சூரன்ஸ்னு சொல்லித்தான் வாடகைக்காரங்க காசு வாங்கினாங்க, கதவைக் காத்து உடைச்சா அதுல வராதாம், ஒப்பந்தத்துல பொடி எழுத்துல இருந்துது, நான் படிக்கல. அதனால வண்டி மூக்கு காத்தைப் பாத்து இருக்கற மாதிரி நிறுத்துங்க, அம்மா பக்கத்துக் கதவை நீங்களே இறங்கிப் போய் ரெண்டு கையாலயும் புடிச்சுத் தொறங்க. வானிலை சைட்ல காத்து 20னு இருந்தா கம்மின்னு நினைச்சுடாதீங்க, அது விநாடிக்கு மீட்டர், மணிக்கு 72 கிலோமீட்டர்!

மார்ச்ல வடக்கு, கிழக்குப் பக்கம் மலைப்பாதைய பனிக்காக மூடிட்டா மூடினதுதான், நீங்க அந்தக் கோடியில மாட்டிக்கிட்டா ஃப்ளைட் போச்சு. தெற்கு மட்டும் போங்க. ரெய்க்யாவிக்லேர்ந்து யோக்குல்சார்லோன் ஏரி சுமார் 375 கிலோமீட்டர், போக ரெண்டு நாள் வர ரெண்டு நாள்னு வச்சுக்குங்க. வழியில ஸ்கோகாஃபோஸ் அருவி, 60 மீட்டர், அடிவாரம் வரைக்கும் சமதரைதான், அம்மா நடந்துடுவாங்க. ஏரியில பனிப்பாறைங்க மிதக்கறது வண்டிய விட்டு இறங்கினதுமே தெரியும். ரெய்னிஸ்ஃபியாரா கருப்பு மணல் பீச்சுல மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டாதீங்க, அமைதியா இருந்த கடல்லேர்ந்து ஒரு அலை திடீர்னு ரொம்ப தூரம் மேல ஏறும், உயிரே போயிருக்கு.

விசா ஷெங்கன்தான், அதாவது ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் பொதுவான விசா, ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், இப்பவே ஸ்லாட் பாருங்க. அப்புறம் ஊர் ஊருக்கு வெந்நீர் நீச்சல் குளம் இருக்கு, அருமையா இருக்கும், ஆனா இறங்கறதுக்கு முன்னாடி துணியில்லாம சோப்பு போட்டுக் குளிச்சே ஆகணும், ஆம்பள பொம்பளைக்குத் தனித்தனி ரூம்தான், இருந்தாலும் அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

சாப்பாட்டுக்கு கிச்சன் இருக்கற ரூமா போடுங்க, குட்டி ரைஸ் குக்கரும் பருப்புப் பொடியும் பெட்டியில வைங்க. ஸ்கைர்னு ஒண்ணு எல்லா கடையிலயும் கிடைக்கும், கெட்டித் தயிர் மாதிரி, வெனிலா போடாத பிளெயினா பாத்து வாங்குங்க. எங்களுக்கு அஞ்சு ராத்திரியும் அதுலதான் தயிர் சாதம், ஊறுகா மட்டும் மூணாவது நாளே தீந்துடுச்சு.