வெறும் கூடையில் அடைக்கோழி

கேள்வி: முட்டைகளைக் கீரி கொண்டுபோய்விட்டது. எங்கள் நாட்டுக்கோழி வெறும் கூடையிலேயே அடைபடுத்திருக்கிறது. அதற்குப் புத்தியே கிடையாதா? என்ன செய்வது? (வாசகி, கோத்தகிரி)

பதில்: புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முட்டை வயிற்றில் படப்பட, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. முட்டை போனாலும், அந்த ஹார்மோன் குறையும்வரை கோழி எழாது. யாரும் கற்றுத்தராமல், ஓர் அடையாளம் கிடைத்ததும் தொடங்கி, அந்த இனம் முழுக்க ஒரே மாதிரி நடக்கும் இதைத்தான் இயல்பூக்கம் என்கிறோம். சாம்பல் வாத்து, கூட்டைவிட்டு உருண்ட முட்டையை அலகின் அடிப்பக்கத்தால் இழுத்து வரும். பாதி வழியில் முட்டையை எடுத்துவிட்டாலும், இல்லாத முட்டையைக் கூடுவரை இழுத்து முடிக்கும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த லோரென்சும் டின்பெர்கனும் 1938இல் இதை எழுதினார்கள். 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் இந்த இருவரும் உண்டு.

ஒரு நாள் வயதுக் குஞ்சு கிடைத்தால், இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக வயிற்றுக்கடியில் தள்ளிவிடுங்கள். பகலில் வைத்தால் கொத்தலாம். ஒரு வாரத்துக் குஞ்சு வேண்டாம். அது கோழியைத் தாயாக ஏற்காமல் விலகி ஓடும், ராத்திரிக் குளிரில் விறைத்துவிடும். குஞ்சுகள் கத்தட்டும், அமுக்க வேண்டாம். கோழிக்குக் கண்ணைவிடக் காதுதான் தாய்மை! கண்ணாடிக் குடுவைக்குள் குஞ்சு தவிப்பதை எதிரே பார்த்தாலும், சத்தம் வராவிட்டால் கோழி அசையாது. மறைவிலிருந்து கத்தினால் பாய்ந்து வரும். காது கேளாத வான்கோழிகள் தம் குஞ்சுகளையே கொத்திக் கொன்றிருக்கின்றன.

குஞ்சு கிடைக்காவிட்டால், கம்பிவலை அடிப்பாகமுள்ள கூண்டைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, தீனி தண்ணீரோடு மூன்று நான்கு நாள் உள்ளே விடுங்கள். வைக்கோல் கூடாது. அடிவயிற்றில் காற்றுப்பட்டால் அடை தெளியும். தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் கொடுமை. கோத்தகிரிக் குளிரில் நனைந்த கோழி பிழைப்பதே சிரமம். அப்படியே விட்டுவிடவும் கூடாது. 21 நாள் கழிந்தும் எழாத கோழி உண்டு, சரியாகத் தின்னாமல் எலும்பும் தோலுமாகிவிடும்.

கேள்வி: தேயிலைத் தோட்டத்துக் காட்டெருமைகள் ஆளைக் கண்டு ஓடுவதில்லையே, பிறவியிலேயே பயம் இல்லையா? (வாசகர், குன்னூர்)

பதில்: பயம் பிறவிக் குணம், ஓடாமல் மேய்வது பழக்கம். தினமும் ஆளைப் பார்த்து வந்த பழக்கம் அது, பயம் அடியில் அப்படியே இருக்கிறது. நாய் குரைத்தாலோ, போகிற வழி அடைபட்டாலோ, பக்கத்தில் கன்று இருந்தாலோ பாய்ந்துவிடும். வழிவிட்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். செல்ஃபி ஆசாமிகளுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: மனிதனுக்கு இயல்பூக்கம் உண்டா? (வாசகி, ஊட்டி)

பதில்: பச்சைக் குழந்தையைப் பாருங்கள். கன்னத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் திரும்பி வாய் திறக்கும். உள்ளங்கையில் விரல் வைத்தால் இறுகப் பிடிக்கும். அனிச்சைச் செயல் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். முதலாவது சுமார் 4 மாதத்திலும், இரண்டாவது 5, 6 மாதத்திலும் மங்கும். அதற்குப் பிறகும் விடாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பால் கொடுக்கும்போது மறுபக்கக் கன்னத்தில் கைவைத்துத் தள்ளினால், குழந்தை மார்பை விட்டுக் கையை நோக்கித் திரும்பும். ‘பிள்ளை பால் பிடிக்கவில்லை’ என்று வீடே பதறும். கன்னத்தைத் தொடாமல் கழுத்தையும் தோளையும் தாங்கி, மார்க்காம்பால் மேலுதட்டைத் தடவுங்கள். வாயை அகலத் திறந்ததும் குழந்தையை மார்போடு சேர்த்துக்கொள்ளலாம்.