சிட்டுகள் பறக்கும் விதம்: புளியரை வயல்வெளியிலிருந்து கேள்வி பதில்

செங்கோட்டைக்கும் புளியரைக்கும் இடைப்பட்ட வயல்களில் பல ஆண்டுகளாகச் சிறு பறவைகள் பறப்பதைப் பார்த்தும் படமெடுத்தும் வருகிறேன். வந்த கேள்விகளுக்கு இயன்றவரை விடையளிக்கிறேன். கூட்டருகே எடுத்த படங்களை அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (தென்காசி): ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி வைத்தும் சிட்டுக்குருவியின் சிறகு கலங்கலாக விழுகிறது, உடல் மட்டும் தெளிவாக இருக்கிறது. ஏன்?

சிட்டுக்குருவி நொடிக்கு ஏறத்தாழ 15 முறை சிறகடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், மேலிருந்து கீழாக ஓர் அடி முடிய 1/30 நொடிதான் ஆகும். அந்நேரத்தில் சிறகின் நுனி சுமார் 20 சென்டிமீட்டர் வில்லைக் கடக்கிறது. சராசரியாக நொடிக்கு 6 மீட்டர்; அடியின் நடுப்பகுதியில் 9 மீட்டரை எட்டும். 1/1000 நொடியில் அது 9 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுவதால் கலங்கத்தான் செய்யும். 1/3200 நொடிக்குப் போனால் நகர்வு 3 மில்லிமீட்டருக்குள் அடங்கும். ஆனால் சிறகடியின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் சிறகு திசை மாறுவதற்காக ஒரு கணம் நிற்கிறது; அக்கணம் அகப்பட்டால் 1/1000 நொடியே போதும். நுனி சற்றுக் கலங்கியிருப்பதைப் பிழையென்று நான் கருதுவதில்லை. பறவை சிறகடித்துக்கொண்டிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

கேள்வி (புனலூர்): எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் ஹம்மிங் பறவை வருகிறது. அந்தரத்தில் நிற்பதை எப்படிப் படமெடுப்பது?

ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியது. தாங்கள் பார்த்தது தேன்சிட்டு. தங்கள் அண்டை வீட்டு மலையாளிகள் தேன்கிளி என்பார்கள். அதுவும் அந்தரத்தில் நிற்கக்கூடியதுதான், ஆனால் சில கணங்களுக்கு மட்டும்; பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்தே தேன் எடுக்கும். ஆகவே உட்காரக் காம்பில்லாமல் தனியே தொங்கும் பூவைத் தேர்ந்து, அதன்மேல் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள்.

கேள்வி (புளியரை): வயல்வரப்பில் எங்கே நிற்க வேண்டும்? எனக்கு எப்போதும் வால்தான் கிடைக்கிறது.

இன்று வந்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுவே. சிறு பறவை எழும்போதும் இறங்கும்போதும் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே திரும்பும். எதிர்க்காற்று கிடைத்தால் குறைந்த வேகத்திலேயே தூக்குவிசை கிடைத்துவிடுகிறது. நம் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாக மேலைக்காற்று அடிக்கிறது. மலை மேற்கே இருப்பதால் மாலை வெயிலும் சீக்கிரம் மறைந்துவிடும். நமக்கு வாய்ப்பது காலை வெயில்தான். வெயில் முதுகில் பட நீங்கள் கிழக்கே நிற்கிறீர்கள், பறவை மேற்கே பார்த்து எழுகிறது, வால்தான் கிடைக்கும். சாரல் காலத்தில் பறவை அமரும் குச்சிக்குத் தெற்கிலோ வடக்கிலோ நின்று பக்கவாட்டில் எடுங்கள். ஐப்பசிக்குப் பிறகு கீழைக்காற்று திரும்பியதும் நிலைமை தலைகீழாகிவிடும். பறவை கிழக்கு நோக்கி, முகத்தில் வெயில் விழ, உங்களை நோக்கியே எழும். வலசை வரும் ஈப்பிடிப்பானும் சாம்பல் வாலாட்டியும் அப்போது இங்கே இருக்கும் என்பது கூடுதல் இலாபம்.

எழுந்த பின் பொத்தானை அழுத்தினால் நேரம் கடந்துவிடும். நம் விரல் அசைய ஏறக்குறைய 1/5 நொடி ஆகிறது; அதற்குள் மூன்று சிறகடி முடிந்திருக்கும். கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துவதைப் பாருங்கள். எழும்பும் வேகத்தின் பெரும்பங்கைத் தருவது கால்களின் உந்துதலே. ஈப்பிடிப்பான் பூச்சியைப் பிடித்துவிட்டுப் பலமுறை அதே குச்சிக்குத் திரும்பும். போவதை விட்டுவிட்டு வருவதை எடுங்கள்.

கேள்வி (கடையநல்லூர்): ஐம்பதாயிரத்துக்குள் எந்தக் கேமரா வாங்கலாம்?

கடைக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி (செங்கோட்டை, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்): வாலாட்டி சிலமுறை சிறகடித்துவிட்டுச் சிறகுகளை உடலோடு ஒடுக்கிக்கொள்கிறது, எறிந்த கல்லைப்போல் வளைந்து இறங்கி, மீண்டும் அடித்து எழுகிறது. இழந்த உயரத்தை மீட்க ஆகும் செலவு, ஓய்வில் மிச்சமானதைத் தின்றுவிடாதா?

உயரத்தைப் பற்றிய தங்கள் கணக்கு சரியே, ஐயா. ஆனால் விரிந்த சிறகு தூக்குவதோடு நில்லாமல் காற்றில் இழுவையையும் உண்டாக்குகிறது. வேகம் கூடக்கூட அவ்விழுவை மிகுகிறது. சிறகை ஒடுக்கிய கணத்தில் அந்தச் செலவு இல்லை. ஆகவே விரைந்து பறக்கும்போது ஒடுக்கம் இலாபம். மெதுவாகப் பறக்கும்போது நட்டம் என்றுதான் கணக்குச் சொல்லும். ஆயினும் மெதுவாகப் பறக்கும்போதும் இவை ஒடுக்குகின்றன. சிறு பறவையின் தசை ஒரு குறிப்பிட்ட விரைவில் சுருங்கும்போதே சிறப்பாக உழைக்கும், எனவே ஒரே கியர் உள்ள வண்டியை முடுக்கியும் விட்டும் ஓட்டுவதுபோல் அது முழு விசையும் ஓய்வுமாக மாறிமாறிப் பறக்கிறது என்பது ஒரு விளக்கம். இது முழு விடையன்று. பறவைகள் சுருக்க விரைவை ஓரளவு மாற்றவும் செய்கின்றன. ஒடுங்கிய உடலும் வாலும் சிறிது தூக்குவிசை தருகின்றன என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (வடகரை): "ஊர்க்குருவி உயர உயரப் பறந்தாலும் பருந்தாகாது" என்பது இதனால்தானா? ஆனால் தகைவிலானும் சிறியதுதான், அது சிறகை விரித்து மிதக்கிறதே. செங்கோட்டை ஆசிரியர் இதற்கு என்ன சொல்வார்?

தகைவிலானின் சிறகு நீண்டு குறுகலானது, மிதக்க ஏற்றது. ஊர்க்குருவியின் சிறகு குட்டையானது, வேலியிலிருந்து சட்டென்று எழும்ப ஏற்றது. மிதப்பது வேறு, ஒடுக்குவது வேறு. அளவு மட்டும் பறத்தலைத் தீர்மானிப்பதில்லை என்பதால் பழமொழி பாதிதான் சரி.

கேள்வி (மீண்டும் செங்கோட்டை ஆசிரியர்): தகைவிலானும் சில வேளைகளில் சிறகை ஒடுக்குவதைக் குண்டாறு அணைமேல் பார்த்தேன். மிதப்பது வேறு, ஒடுக்குவது வேறு என்று நீங்கள் வகுத்தது என்னாயிற்று?

ஒப்புக்கொள்கிறேன். விரைந்து பறக்கும்போது அது அரைகுறையாக ஒடுக்குவதுண்டு. நான் போட்ட கோடு அவ்வளவு அழுத்தமானதன்று.

கேள்வி (கழுதுருட்டி): எங்கள் தோட்டத்திலும் ஹம்மிங் பறவை...

புனலூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். அந்தி நேரத்தில் உணர்கொம்புகளோடு வந்தால் அது பறவையே அன்று, அந்துப்பூச்சி.

கேள்வி (ஆரியங்காவு): மிரர்லெஸ் கேமராவில் எலக்ட்ரானிக் ஷட்டர் வைத்தால் சிறகு வாழையிலைபோல் வளைந்து விழுகிறது. மேலும் மொபைல் வீடியோவில் ஒரு பறவை சிறகசைக்காமலே பறக்கிறது!

இரண்டும் கருவியின் குறைகளே. பல கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. கடைசி வரி வருவதற்குள் சிறகு வேறிடம் போய்விடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். வீடியோ நொடிக்கு 30 படம் எடுக்க, பறவையும் 30 முறை அடித்தால், ஒவ்வொரு படத்திலும் சிறகு ஒரே நிலையில் விழும். ஸ்லோ மோஷனில் 240 படம் வைத்துப் பாருங்கள்.

கேள்வி (பண்பொழி): கூட்டுக்கு இரை கொண்டுவரும் தையல்சிட்டை எடுக்க, மறைக்கும் இலைகளை ஒதுக்கலாமா?

கூடாது. அந்த இலைதான் காகத்தின் கண்ணிலிருந்து கூட்டை மறைக்கிறது. பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் கூடாது. இதை எத்தனை முறை கேட்டாலும் என் பதில் இதுதான்.

கேள்வி (அச்சன்கோவில்): ஹம்மிங் பறவை கேரளப் பக்கம் மட்டும் இருக்கலாம் அல்லவா?

இல்லை.

கேள்வி (சுரண்டை): எங்கள் பக்கம் வறண்ட நிலம். அலைபோல் பறக்கும் பறவை ஏதும் உண்டா?

உண்டு. சாம்பல்தலை வானம்பாடியின் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் சிறகடித்து மேலேறி, சிறகை மூடித் தலைகீழாகப் பாய்ந்து, மீண்டும் ஏறும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் நீளமாக ஒரு சீழ்க்கை ஒலிக்கும். சீழ்க்கை கேட்ட திசையில் லென்ஸைத் திருப்பினால் அதற்குள் அது மேலேறியிருக்கும். மூன்று பாய்ச்சலைக் கேமரா இல்லாமல் எண்ணிப் பாருங்கள், நான்காவதுக்கு எடுங்கள்.