டோர்ன்ஃபெல்டர் ஏன் இவ்வளவு தித்திக்கிறது?

சாவர்பிராட்டனோடு, அதாவது வினிகரில் ஊறவைத்துச் சமைக்கும் ஜெர்மன் மாட்டிறைச்சியோடு, குடித்த டோர்ன்ஃபெல்டர் என்ற ஜெர்மன் சிவப்பு ஒயின் ஜாம் மாதிரி தித்தித்தது என்கிறீர்கள். ஒயின் கெட்டுப்போகவில்லை, உங்கள் கைக்கு வந்தது இனிப்பு வகையாக இருக்கும்.

லேபிளைப் பாருங்கள். 'லீப்லிஷ்' (இனிப்பானது) என்றால் லிட்டருக்கு 45 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். 'ட்ரோக்கன்' (இனிப்பில்லாதது) என்றால் அதிகபட்சம் 9 கிராம்தான். எதுவும் போடவில்லையா? ஆல்கஹால் 9, 10 சதவீதம் என்றால் பெரும்பாலும் இனிப்பு. 12-க்கு மேல் போனால் அநேகமாக இனிக்காது. இது கணிப்புதான், எல்லா பாட்டிலுக்கும் பொருந்தாது.

மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, நீலப் பூசணம் படிந்த சீஸோடு குடித்துப் பாருங்கள். சீஸின் உப்புக்கு அந்தச் செர்ரி, பிளாக்பெர்ரி வாசம் அப்படியே எழும்பி வரும், அவ்வளவு அருமை! அப்புறம், அடுத்த சாவர்பிராட்டனுக்கு ஜெர்மனியின் ஃபால்ஸ் பகுதி ட்ரோக்கன் வாங்குங்கள்.