எரர் காசா, அடிபட்ட காசா? கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: "இது எரரா, இல்லையா?" அதாவது, நாணயச்சாலையிலேயே தப்பாக வந்த காசா, வெளியே வந்த பிறகு சேதமானதா? பதிலுக்குப் போகும் முன் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நாணயச்சாலையில் மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு, நடுவில் பில்லை (இன்னும் படம் பதியாத வெற்று உலோக வட்டம்), அது பக்கவாட்டில் பரவாமல் தடுக்க ஒரு வளையம். எரர் என்றால் இந்த நான்கில் எங்கேயோ தப்பு நடந்திருக்க வேண்டும். எங்கே என்று சொல்ல முடியாத காசை நான் எரர் என்று ஒத்துக்கொள்வதில்லை.

அண்ணா, என் இரண்டு ரூபாய் காசு மற்றதைவிட அகலம், விளிம்பே இல்லை. எடை போட்டேன், சரியாக 4.85 கிராம். எரர்தானே? (கொருக்குப்பேட்டை)

தராசில் போட்டுப் பார்த்தது நல்ல பழக்கம் தம்பி. ஆனால் இங்கே எடை உதவாது. தடுப்பு வளையம் இல்லாமல் அடித்தாலும் எடை மாறாது, ரயில் ஏறினாலும் மாறாது. எழுத்தைப் பார். வளையம் இல்லாமல் அடித்த காசில் ஓரம்தான் பரவியிருக்கும். நடுவில் சிங்கமும் எழுத்தும் கூர்மையாக நிற்கும். நீ அனுப்பிய படத்தில் சிங்கத்தின் முகம் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது, காசும் முட்டை வடிவம். யாரோ ஒரு பையன் தண்டவாளத்தில் வைத்து எடுத்தது. உங்கள் ஏரியாவில் அதற்கா பஞ்சம்!

ஒரு ரூபாயில் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. அச்சு விரிசல் என்று சொல்லி 500 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா சார்? (ராயபுரம்)

கோடு மேடா, பள்ளமா? முதலில் அதைச் சொல்லுங்கள். அச்சில் விரிசல் விழுந்தால், அடி விழும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறும். அதனால் காசில் அது மேடாகத்தான் வரும். கீறல் பள்ளமாக இருக்கும். நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள், தட்டுகிறதா, உள்ளே இறங்குகிறதா என்று தெரியும். அப்புறம் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆணியால் கிழித்த கோட்டுக்கு இரண்டு பக்கமும் உலோகம் குவிந்து, ஏர் ஓட்டிய சால் மாதிரி கரை கட்டி நிற்கும். விரிசல் கோட்டுக்குக் கரை கிடையாது. வெறும் நரம்பு மாதிரி எழும்பியிருக்கும், பெரும்பாலும் விளிம்பிலிருந்தோ ஒரு எழுத்திலிருந்தோ கிளம்பும்.

பள்ளத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு. அடிக்கும்போது அச்சுக்கும் பில்லைக்கும் நடுவே நூலோ கம்பித் துணுக்கோ மாட்டிக்கொண்டால் அந்தத் தடமும் பள்ளமாகத்தான் விழும். ஆனால் அதற்கும் குவிந்த கரை இருக்காது. மேடாகவே இருந்தாலும் சின்ன விரிசலுக்கு 500 அதிகம். சில்லறையிலேயே தேடுங்கள், கிடைக்கும்.

பத்து ரூபாயில் நடுவட்டம் ஒரு பக்கமாக விலகியிருக்கிறது. யாராவது தட்டி மாட்டியிருப்பார்களோ? (வியாசர்பாடி)

சந்தேகம் நியாயமானது. பட்டறைகள் நிறைய உள்ள இடம். சுத்தியலும் வைஸும் இருந்தால் நடுவட்டத்தைக் கழற்றி மாட்டிவிடலாம். ஆனால் ஒரு விஷயத்தில் மாட்டிக்கொள்வார்கள். நாணயச்சாலையில் காசின் வெளி வளையத்தையும் நடுவட்டத்தையும் தனித்தனியே அடித்துச் சேர்ப்பதில்லை. வெற்றுத் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து ஒரே அடி. அதனால் நிஜமாகவே நடுவட்டம் விலகிய காசில் உலோகம்தான் இடம் மாறியிருக்கும். படமும் எழுத்தும் அததன் இடத்தில் இருக்கும், இரண்டு உலோகத்தின் மேலும் அறுபடாமல் ஓடும். கழற்றி மாட்டியதில் படமும் நடுவட்டத்தோடு சேர்ந்து நகர்ந்திருக்கும், கொஞ்சமாவது திரும்பியிருக்கும். சரியான காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

நடுவட்டமே இல்லாத வெறும் வளையத்தை எடை போட்டால் நாலரை கிராம் அளவுக்கு வரும் (முழுக் காசு 7.71). அதில் உள் ஓரத்தைப் பாருங்கள். நடுவில் ஒன்றும் இல்லாமல் அடி வாங்கியிருந்தால் உலோகம் ஓட்டைக்குள் வழிந்து உள்பக்கம் நெளிந்திருக்கும். பிறகு தட்டி எடுத்ததில் அந்த வழிசல் இருக்காது.

ஒரு பக்கத்தில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைகீழாக இருக்கிறது ஐயா. (பெரம்பூர்)

சில சமயம் அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த பில்லை வந்ததும் அந்தக் காசே அச்சாகிவிடும். அப்படி வந்தது என்றால் அந்தப் பக்கத்துக்கு உரிய படம் இருக்கவே கூடாது. மறுபக்கத்தின் படம் முழுதாக, பள்ளமாக, இடவலம் மாறி இருக்கும். உங்கள் காசில் அசல் படமும் இருக்கிறது, அதன் மேலே நாலைந்து எழுத்து மட்டும் பதிந்திருக்கிறது. இரண்டு காசைச் சேர்த்து வைஸில் இறுக்கியிருக்கிறார்கள். பின்பக்கம் நசுங்கியிருக்கும், பாருங்கள்.

வருஷத்துக்குக் கீழே குறியே இல்லை. நம்ம தங்கசாலையில் அடித்தது என்கிறார்களே? (ஏழுகிணறு)

எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டுவதுதான் அந்தக் குறி. குறி இல்லாவிட்டால் கொல்கத்தா. அவ்வளவுதான். மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. சென்னைத் தங்கசாலைக்குப் பெயர் கொடுத்த கிழக்கிந்தியக் கும்பினி நாணயச்சாலை 19ஆம் நூற்றாண்டிலேயே மூடியாயிற்று.

வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய்க்கு 25 லட்சம் தருகிறார்களாம். முன்பணமாக ஜி.எஸ்.டி. கேட்கிறார்கள் தம்பி. (தண்டையார்பேட்டை)

அக்கா, ஒரு பைசா அனுப்பாதீர்கள். அது வைஷ்ணோ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளிவிழாவுக்காக 2012 என்று ஆண்டு பொறித்து வெளியிட்ட காசு. எரரும் இல்லை, அபூர்வமும் இல்லை. பழைய காசு விற்க ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ கேட்டால் ஏமாற வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. அந்த எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்.

வீட்டிலேயே உறுதியாகக் கண்டுபிடிக்கக்கூடிய எரர் ஏதாவது உண்டா? (திருவொற்றியூர்)

உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். காசை மேலும் கீழும் இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். நம் காசுகளில் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு சுழன்றிருக்கிறது. சுத்தியலாலோ அமிலத்தாலோ இதைச் செய்யவே முடியாது. இரண்டு காசை அறுத்து ஒட்டினால்தான் உண்டு. ஒட்டியிருந்தால் விளிம்பிலோ, விளிம்புக்குச் சற்று உள்ளேயோ மயிரிழை போல ஒரு கோடு ஓடும், மேஜையில் போட்டால் மணிச்சத்தம் வராமல் மட்டமாக ஒலிக்கும். என்னுடைய முதல் எரர், டீக்கடையில் மீதியாக வந்த ஒரு ரூபாய். சிங்கம் நேராக நின்றது, திருப்பினால் '1' என்ற எண் படுத்துக் கிடந்தது. இன்றும் அதைத் தனி உறையில் வைத்திருக்கிறேன்.