கேள்வி – பதில்: நாற்பது பிள்ளைகளுக்கு அரிசி எங்கே?

கேள்வி: ஐயா, எங்கள் சபையில் ஞாயிறு பாடசாலை முடிந்ததும் பிள்ளைகளுக்குப் பயற்றங்கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறேன். பத்துப் பிள்ளைகளோடு தொடங்கினேன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறவர்களும் உண்டு. கணவர் கடற்தொழில். வாடைக்காலம் வந்தால் வருமானம் பெரும்பாலும் நின்றுவிடும். “கடையில் கொப்பிக்கு (கடனுக்கு) வாங்கு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்கிறார்கள் சபையில் சிலர். கணவரோ நிறுத்தச் சொல்கிறார். எது விசுவாசம்?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: மகள், நிறுத்த வேண்டாம். கடைக் கொப்பியிலும் எழுத வேண்டாம்.

வேதத்தில் யோவான் 6ஆம் அதிகாரத்தில், இயேசுவிடம் வந்த பெருங்கூட்டத்துக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று அவருடைய சீடன் பிலிப்பு கணக்குப் பார்க்கிறான். 200 பணத்துக்கு அப்பம் வாங்கினாலும் ஆளுக்கொரு துண்டு கூட வராது என்கிறான். அந்த நாளில் ஒரு பணம் என்பது கூலியாளின் ஒரு நாள் சம்பளம். ஆக, அரை வருட உழைப்புக்கும் மேல். அவன் கணக்கில் பிழையில்லை, ஆண்டவர் அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவும் இல்லை. பிறகு ஒரு பையனிடமிருந்து ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் வருகின்றன. வாற்கோதுமை அந்நாளில் ஏழைச் சனத்தின் சாப்பாடு. அதைத்தான் கையில் எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார். எல்லோரும் வயிறார உண்ட பிறகு, வீணாகாதபடி மிச்சத்தைச் சேர்க்கச் சொன்னார். 12 கூடை நிறைந்தது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்தவரே மிச்சத்தைப் பொறுக்கச் சொல்கிறார் என்றால், நீங்கள் அரிசியை அளந்து போடுவதை அவிசுவாசம் என்று யார் சொல்வது?

கடன் விஷயத்தில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. 2 இராஜாக்கள் 4இல் வரும் விதவை அழுததே கடனால்தான்; அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாக்கக் கடன்காரன் வந்து நின்றான். எலிசா தீர்க்கதரிசி அவளிடம் கேட்டது, “உன் வீட்டில் என்ன இருக்கிறது?” என்று. ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அயல்வீடுகளில் வெறும் பாத்திரங்களை நிறைய இரவல் வாங்கச் சொன்னார். அவள் அவற்றில் ஊற்ற ஊற்ற எண்ணெய் வந்தது; பாத்திரம் தீர்ந்த பிறகுதான் நின்றது. அதை விற்றுக் கடனை அடைத்து, மிச்சத்தில் பிள்ளைகளோடு பிழைக்கச் சொன்னார். இப்படிக் கடனிலிருந்து மீட்கிற தேவனின் பெயரைச் சொல்லி உங்களைக் கடனில் தள்ளுவது எப்படிச் சரி?

அயலவரிடம் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்து போன பிறகு எங்கள் ஆலய மண்டபம் நிறையச் சனம். கையிருப்பு அரை மூட்டை அரிசிதான். அதை ஜெபித்து அடுப்பில் ஏற்றினோம். பொழுதுபடுவதற்குள் கடலுக்குத் தள்ளி இருந்த வீடுகளிலிருந்து சோற்றுப் பார்சல்கள் வந்தன. கொண்டுவந்தவர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் இருந்தார்கள். ஆண்டவர் அனுப்பினார் என்றே அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அடுத்து வந்த நாட்களில் வெறுங்கஞ்சி மட்டும் கிடைத்த நேரங்களும் உண்டு. அந்த நேரங்களிலும் அவர் எங்களைக் கைவிடவில்லை.

ஆகவே பானை எப்போதும் நிறையும் என்று நான் எழுதித் தரமாட்டேன். இந்த ஞாயிறே ஆராதனையில் எழுந்து, இருப்பது இவ்வளவு, தேவை இவ்வளவு என்று சொல்லுங்கள். கொப்பிக்கு வாங்கச் சொன்னவர்கள் ஆளுக்கொரு சுண்டு அரிசி கொண்டுவரட்டும். பயறு இல்லாத வாரத்தில் மரவள்ளிக் கிழங்கு அவித்து, சம்பல் அரைத்துக் கொடுக்கலாம்.

அப்புறம், கணவர். அவர் கர்த்தருக்கு விரோதமாகப் பேசவில்லை மகள், வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பயப்படுகிறார். இயேசுவின் இன்னொரு சீடன் அந்திரேயாவும் அந்தப் பையனின் சாப்பாட்டைக் காட்டி, “இத்தனை பேருக்கு இது எம்மாத்திரம்?” என்றுதான் கேட்டான். இரவு சாப்பாட்டுக்குப் பின் அவரோடு இருந்து வீட்டுச் செலவை எழுதிப் பாருங்கள். எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அவர் வாயாலே சொல்லட்டும். அது ஒரு கொத்து அரிசியாக இருந்தாலும் இரண்டு பேருமாக ஜெபித்துக் கொடுங்கள்.